மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்களா? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று எந்த ஊர்க்காரராக இருந்தாலும், நோய் கொஞ்சம் முற்றிவிட்டால் மதுரைப் பேருந்தில்தான் ஏறுகிறோம். ராமநாதபுரத்தில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகும் பல மேல்சிகிச்சைகளுக்கு அந்தப் பயணம் குறையவில்லை. அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் டாக்டர் பார்த்து முடித்ததும், கையில் கோப்போடு ஒருவர் வந்து உட்காருவார். "உங்க நோய்க்கு ஒரு புது மருந்து ட்ரையல் நடக்குது. விருப்பம் இருந்தா சேரலாம்" என்பார்.

இதைக் கேட்டதும் நம் ஆட்கள் இரண்டு விதமாகப் போவார்கள். "நம்மள வச்சு சோதிச்சுப் பாக்குறாங்க, எந்திரிங்க போகலாம்" என்பது ஒன்று. "புது மருந்தாம், அதுவும் ஃப்ரீயாம், எங்க கையெழுத்துப் போடணும்?" என்பது இன்னொன்று. இரண்டுமே அவசரம். சேரலாமா வேண்டாமா என்று நான் சொல்லப்போவதில்லை, அது உங்கள் நோயைப் பொறுத்தது. முடிவெடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும், குறிப்பாக மதுரையிலிருந்து நூறு, நூற்றெழுபது கிலோமீட்டர் தள்ளிக் கடலோரத்தில் இருப்பவர்கள் எதைக் கேட்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

இந்த ஆய்வு எதைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறது?

முதல் கேள்வி இதுதான். ஒவ்வொரு ஆய்வுக்கும் பதில் தெரியாத கேள்வி ஒன்று இருக்கும். பதில் தெரிந்திருந்தால் ஆய்வே தேவையில்லை. ஆகவே "இந்த மருந்து நல்லா கேக்குமா டாக்டர்?" என்று கேட்டால், நேர்மையான பதில் "அதைத்தான் பார்க்கிறோம்" என்பதாகவே இருக்க முடியும். "கட்டாயம் குணமாகிவிடும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

புதியது என்றால் மேலானது என்று அர்த்தமில்லை. நம் பக்கத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. கருவேல முள்ளோ நெல் தாளோ கண்ணில் பட்டு, பூஞ்சை பிடித்துக் கருவிழி புண்ணாகும் நோய் தென்தமிழ்நாட்டில் சகஜம். அதற்கு நாட்டமைசின் என்ற பழைய சொட்டு மருந்து இருந்தது. வோரிகோனசோல் என்ற புதிய மருந்து அதைவிட நன்றாக வேலை செய்யும் என்று பலரும் நம்பினார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அதன் மற்ற கிளைகளும் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 323 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2013-இல் முடிவு வெளியானது. பழைய நாட்டமைசின்தான் ஜெயித்தது. வோரிகோனசோல் போட்டவர்களில் கருவிழி ஓட்டையாவது அதிகமாக இருந்ததால், ஆய்வைக் கண்காணித்த குழு ஆள் சேர்ப்பதை முன்கூட்டியே நிறுத்தச் சொன்னது. அந்த ஆய்வில் புது மருந்துப் பக்கம் விழுந்தவருக்கு அது அதிர்ஷ்டம் இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1950-களில் காசநோய் என்றால் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல சாப்பாடு வேண்டும், ஓய்வு வேண்டும் என்பதுதான் மருத்துவ நம்பிக்கை. சென்னையில் 1956-இல் தொடங்கிய மையம் ஒன்று நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது. பாதிப் பேர் சானடோரியத்தில், மீதிப் பேர் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே. இரு பக்கத்துக்கும் ஒரே மருந்துகள்தான். ஓராண்டு கழித்துப் பார்த்தால் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. 1959-இல் வெளியான அந்த முடிவுதான் உலகம் முழுவதும் காசநோயாளிகளை வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட வைத்தது. அந்த மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகச் சென்னை சேத்துப்பட்டில் இருக்கிறது. மதுரையிலும் அதன் பிரிவு உண்டு. இன்று நம் ஊரில் ஒருவர் மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடிகிறது என்றால், அன்று பெயர் தெரியாத சிலர் அந்தக் குலுக்கலுக்குச் சம்மதித்ததும் ஒரு காரணம்.

குலுக்கல் என்பதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான ஆய்வுகளில் உங்களுக்கு எந்த மருந்து என்பதை டாக்டர் தேர்வு செய்வதில்லை; கம்ப்யூட்டர் பிரித்துவிடும். பல ஆய்வுகளில் நீங்கள் சாப்பிடுவது எது என்று டாக்டருக்கே தெரியாது. ஒரு பக்கத்துக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரைகூடத் தரப்படலாம். அதனால் இதை மறக்காமல் கேளுங்கள்: "நான் போலி மாத்திரைப் பக்கம் விழுந்தால், இப்போது சாப்பிடும் வழக்கமான மருந்து தொடருமா, நிறுத்திவிடுவீர்களா?" தொடரும் என்றால் ஒரு கணக்கு. நிறுத்துவோம் என்றால் வேறு கணக்கு. எத்தனை நாளைக்கு, நோய் ஏறினால் என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.

எந்தக் கட்டம்?

புது மருந்து ஆய்வு நான்கு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் சில பத்துப் பேரிடம், பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களிடம், எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும் என்று பார்ப்பார்கள். புற்றுநோய் மருந்துகளில் முதல் கட்டத்திலேயே நோயாளிகள் இருப்பார்கள். இரண்டாவதில் நோயாளிகளிடம் வேலை செய்கிறதா என்று. மூன்றாவதில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஆட்களை வைத்துப் பழைய சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். நான்காவது, மருந்து கடைக்கு வந்த பிறகு. மதுரையில் நோயாளியாகப் போகும் உங்களைக் கேட்பது பெரும்பாலும் மூன்றாவது அல்லது நான்காவதாக இருக்கும். கட்டம் குறையக் குறைய தெரியாத விஷயம் கூடும்.

இதில் சேராத இன்னொரு வகை இருக்கிறது. நோயே இல்லாத இளைஞர்களைக் காசு கொடுத்து ஓரிரு நாள் தங்கவைத்து, ஒரு மாத்திரை கொடுத்து, மணிக்கொரு தரம் ரத்தம் எடுப்பார்கள். ஒரு கம்பெனி மருந்தும் இன்னொரு கம்பெனி மருந்தும் ரத்தத்தில் ஒரே அளவு சேர்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. சட்டப்படி நடப்பதுதான். ஆனால் மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசு இல்லாத பையன்களிடம் "ரெண்டு நாள்ல சம்பாதிக்கலாம்" என்று ஒரு இடைத்தரகர் வந்தால், அவர் பேச்சை மட்டும் கேட்டுக் கிளம்ப வேண்டாம். ஒரு சோதனைக்கும் அடுத்ததுக்கும் நடுவே பொதுவாக மூன்று மாத இடைவெளி கேட்பார்கள். அதை மறைத்து அடுத்தடுத்துப் போனால் உடம்பு ரத்தமும் இழக்கும், இரண்டு மருந்துகள் உள்ளே மோதவும் செய்யும்.

தாளை வீட்டுக்கு எடுத்து வாருங்கள்

சேரும் முன் ஒப்புதல் படிவம் ஒன்று தருவார்கள். பல பக்கம் இருக்கும், தமிழில் இருக்க வேண்டும். அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "வீட்ல கலந்து பேசிட்டு அடுத்த தடவை சொல்றேன்" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி நேரம் ஓடும் நோய்கள் மட்டும் விதிவிலக்கு.

வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவரை, பேத்தியோ மருமகனோ, உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனை மாதம், எத்தனை தடவை வர வேண்டும், என்னென்ன பரிசோதனை, என்ன பக்கவிளைவு, சேராவிட்டால் வேறு என்ன சிகிச்சை இருக்கிறது, பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தாக வேண்டும். உங்கள் தொழில், ஆண்டு வருமானம், வாரிசு பெயர் கேட்கும் இடத்தைப் பார்த்துப் பலர் மிரள்வார்கள். பயப்பட ஒன்றுமில்லை. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி அந்த விவரங்கள் படிவத்தில் இடம்பெற வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்கு வாரிசு பெயர் வேண்டுமே. அதைச் சரியாக நிரப்புங்கள்.

கையெழுத்தான படிவத்தின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் கூட இருந்து அவரும் கையெழுத்திட வேண்டும். வார்டு நர்ஸைக் கூப்பிட்டு "ஒரு கையெழுத்துப் போடுங்க சிஸ்டர்" என்று முடிப்பதெல்லாம் சாட்சி ஆகாது.

சில ஆய்வுகளில் நீங்கள் சம்மதிப்பதை வீடியோ எடுப்பார்கள். அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2009-10-இல் ஆந்திராவிலும் குஜராத்திலும் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி தடுப்பூசி போட்ட திட்டத்தில், பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்களே படிவத்தில் கையெழுத்திட்டது தெரியவந்தது. 2013-இல் நாடாளுமன்றக் குழு அதைக் கடுமையாகச் சாடியது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் தலையிட்ட பிறகு சம்மதத்தை ஒளிப்பதிவு செய்யும் விதி வந்தது. இன்று அது முற்றிலும் புதிய மருந்துகளின் ஆய்வில் சேரும், எளிதில் வற்புறுத்தப்படக்கூடிய நிலையில் இருப்பவர்களுக்குப் பொருந்துகிறது.

ஏர்வாடிக்கு வரும் மனநோயாளிகளின் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். தங்கவைத்திருப்பவர் கையில் எல்லா அதிகாரமும் போனால் என்ன ஆகும் என்பது நம் மாவட்டத்துக்குத் தெரியும். முடிவெடுக்க முடியாத நிலையில் ஒருவர் இருந்தால் சட்டப்படியான பிரதிநிதிதான் சம்மதிக்க முடியும். அவரை வைத்திருக்கும் இடத்தின் நிர்வாகி என்பதாலேயே ஒருவருக்கு அந்த உரிமை வந்துவிடாது. குழந்தைகளுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். விவரம் தெரிந்த வயது என்றால் பிள்ளையிடமும் கேட்க வேண்டும்.

பதிவு இருக்கிறதா?

இது ஐந்து நிமிட வேலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்தும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 2007-இல் தொடங்கி, 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகளுக்குக் கட்டாயமானது. 'சிடிஆர்ஐ' என்று தொடங்கி ஆண்டு, மாதம், எண் என்று போகும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, வீட்டுப் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். யார் பணம் போடுகிறார்கள், எந்தெந்த மருத்துவமனைகளில் நடக்கிறது, உங்கள் மருத்துவமனையின் பெயரும் டாக்டர் பெயரும் இருக்கிறதா, நெறிமுறைக் குழு (ஆய்வு நோயாளிகளுக்கு நியாயமானதா என்று பார்க்கும் குழு) அனுமதி கிடைத்ததா என்பதெல்லாம் தெரியும். சித்த மருந்து ஆய்வுகளையும் அங்கே பார்க்கலாம். எண்ணே தர மறுத்தால் பேச்சு அங்கே முடிந்தது.

நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர், அதில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர்கள். சட்டம் தெரிந்தவர், சாதாரணப் பொதுமகன், ஒரு பெண் ஆகியோர் கட்டாயம். குழுச் செயலாளரின் தொலைபேசி எண் உங்கள் படிவத்தில் இருக்கும். டாக்டரைப் பற்றியே புகார் என்றால் பேச வேண்டிய இடம் அதுதான்.

தூரம்

நம் பக்கத்துக்காரர்களுக்கு மருந்தைவிடப் பெரிய விஷயம் இது என்பது என் கருத்து. ஆய்வு நடக்கும் இடத்தில் நெறிமுறைக் குழு இல்லாவிட்டால், அதே ஊரிலோ 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளோ இருக்கும் குழுதான் அனுமதி தரலாம் என்று விதி சொல்கிறது. குழுவுக்கு ஐம்பது கிலோமீட்டர் வரம்பு உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்கும் நோயாளிக்கு அப்படி ஒரு வரம்பும் கிடையாது.

ஆகவே சேரும் முன் இதை நேருக்கு நேராகக் கேளுங்கள்: "தங்கச்சிமடத்தில் இருக்கும்போது எனக்கு மருந்து ஒத்துக்காமல் போனால் நான் யாரைக் கூப்பிட வேண்டும், எங்கே போக வேண்டும்?" நல்ல குழு என்றால் பதில் தயாராக இருக்கும். 24 மணி நேரமும் எடுக்கும் ஒரு போன் எண், நீங்கள் ஆய்வில் இருப்பதைச் சொல்லும் அட்டை, முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அங்குள்ள டாக்டரிடம் நாங்கள் பேசுகிறோம் என்ற உறுதி. இவை இல்லாமல் "உடனே மதுரைக்கு வந்துடுங்க" என்று மட்டும் சொன்னால், அந்த ஆய்வு மதுரைக்காரர்களுக்காகத் திட்டமிடப்பட்டது.

அந்த அட்டையைக் கையிலேயே வைத்திருங்கள். 108 ஆம்புலன்ஸில் ஏறும்போது முதலில் காட்ட வேண்டியது அதுதான். எந்த மருந்து என்று மறைத்துவைத்திருக்கும் ஆய்வாக இருந்தாலும், அவசரத்தில் அந்த ரகசியத்தை உடைத்து டாக்டருக்குச் சொல்ல வழி இருக்க வேண்டும். வீட்டில் இன்னொருவருக்கும் அந்தப் போன் எண் தெரிந்திருக்கட்டும்.

அப்புறம், கடல். பரிசோதனைத் தேதிகளை ஆய்வின் ஒருங்கிணைப்பாளர் எழுதித் தருவார். அவருக்கு விசைப்படகு ஒருநாள் விட்டு ஒருநாள் போகும் என்பதோ, போனால் மறுநாள் காலைதான் கரை சேரும் என்பதோ தெரிந்திருக்காது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஆய்வுகளில் தேதிக்கு முன்னும் பின்னும் சில நாள் தளர்வு இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் அடிக்கடி போக வேண்டிய ஆரம்ப வாரங்கள் அதில் விழுந்தால் வசதி. குளிரில் வைக்க வேண்டிய ஊசி மருந்தைப் படகில் மீன் ஐஸுக்குள் புதைக்காதீர்கள். உறைந்துபோனால் மருந்து கெட்டுவிடும். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அந்தப் பக்கம் வாரக்கணக்கில் சிறையில் இருப்பதும் நம் வாழ்க்கையில் நடப்பதுதானே. அப்படி ஆனால் வீட்டார் உடனே ஆய்வுக் குழுவுக்குத் தகவல் சொல்லுங்கள். சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவதே ஆபத்து.

ரமலான் நோன்பு பிடிப்பவர்கள் மருந்து வேளை, ரத்தம் எடுக்கும் நேரம் பற்றி முன்பே பேசுங்கள். பாசி எடுக்கப் போகும் பெண்கள், நாள் முழுக்கத் தண்ணீரிலும் வெயிலிலும் இருப்பதைச் சொல்லுங்கள். சில மருந்துகளுக்கு வெயில் ஆகாது. கர்ப்பப் பரிசோதனையும், ஆய்வு முடியும்வரை கருத்தரிக்கக் கூடாது என்ற நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும். புதுமணப் பெண்ணுக்கு இது சின்ன நிபந்தனை இல்லை.

நாட்டு மருந்து, கஷாயம், குடிப் பழக்கம் எதையும் மறைக்காதீர்கள். ஆரம்பப் பரிசோதனையில் "நீங்கள் பொருந்தவில்லை" என்று அனுப்பினால் கோபப்படவும் வேண்டாம். உங்கள் சிறுநீரகமோ கல்லீரலோ அந்த மருந்தைத் தாங்காது என்று இருக்கலாம்.

காசு

ஆய்வு மருந்துக்கும், ஆய்வுக்காகச் செய்யும் பரிசோதனைகளுக்கும் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. பயணச் செலவும், போன நாளின் கூலி இழப்பும் தரலாம். எவ்வளவு என்பது நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டு படிவத்தில் எழுதப்பட்டிருக்கும். மதுரைக்குள்ளிருந்து ஆட்டோவில் வருகிறவருக்கும் ராமேஸ்வரத்திலிருந்து துணைக்கு ஓர் ஆளோடு வருகிறவருக்கும் ஒரே தொகை என்றால் கேள்வி கேளுங்கள். கையெழுத்துக்கு முன் கேட்டால்தான் பலன்.

பாதிப்பு வந்தால்

ஆய்வின்போது உடல்நலம் கெட்டால் ஆய்வை நடத்துகிறவர்கள் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். தேவைப்படும்வரை, அல்லது அது ஆய்வால் வரவில்லை என்று உறுதியாகும்வரை. மருத்துவமனையில் படுக்க வேண்டிய அளவு தீவிரமானால், டாக்டர் 24 மணி நேரத்துக்குள் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் ஆய்வை நடத்தும் கம்பெனிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆய்வால் வந்த பாதிப்பு அல்லது மரணம் என்றால் இழப்பீடு உண்டு. வயதையும் முன்பே இருந்த நோயின் கடுமையையும் வைத்துச் சூத்திரப்படி கணக்கிடுவார்கள். உத்தரவு வந்த 30 நாளுக்குள் கம்பெனி கட்ட வேண்டும். போலி மாத்திரை கொடுத்து, இருக்கும் சிகிச்சையைத் தராமல் விட்டதால் நோய் முற்றினாலும் இது பொருந்தும்.

இதெல்லாம் தாளில் சரியாக இருக்கிறது. நடைமுறையில் வேலை செய்ய உங்கள் பக்கம் ஆதாரம் வேண்டும். வெளி ஆஸ்பத்திரியில் காட்டிய சீட்டு, பில், எந்தத் தேதியில் யாருக்குப் போன் செய்தீர்கள் என்ற குறிப்பு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

விலகுவதும் முடிவதும்

எப்போது வேண்டுமானாலும் விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வழக்கமான சிகிச்சை அதனால் நிற்கக் கூடாது. ஆனால் சொல்லாமல் போவது மட்டும் வேண்டாம். மருந்தை எப்படி நிறுத்துவது என்று கேட்டு, கடைசிப் பரிசோதனை ஒன்றைச் செய்துகொண்டு விலகினால் உங்களுக்குத்தான் நல்லது.

ஆய்வு முடியும்போது மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள். மருந்து நன்றாகக் கேட்டிருந்தால் அது தொடர்ந்து கிடைக்குமா என்பது ஒன்று. சில நிலைமைகளில், வேறு சிகிச்சை இல்லாதபோது, டாக்டர் பரிந்துரையும் நெறிமுறைக் குழு ஒப்புதலும் இருந்தால் இலவசமாகத் தொடர விதியில் இடம் இருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் விழுந்தீர்கள் என்பதை எப்போது சொல்வார்கள் என்பது இரண்டாவது. பல ஆய்வுகளில் எல்லோரும் முடித்த பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள், அதற்கு ஓரிரு வருடம்கூட ஆகலாம். மூன்றாவது, என்ன மருந்து, எவ்வளவு காலம், என்ன பரிசோதனை முடிவுகள் என்று எழுதிய சுருக்கத் தாள். அதில் ஒரு பிரதியை உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்து வையுங்கள். அடுத்த தடவை காய்ச்சல் என்று போகும்போது மருந்து எழுதப்போகிறவர் அங்குள்ள டாக்டர்தான்.